சுவிட்சர்லாந்துக்கு முதல் கன்சைன்மென்ட்: ஒப்பந்தத்தைப் படிப்பதிலிருந்து பணம் வந்து சேரும்வரை

இந்தியாவுக்கும், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்க) நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக டெபா என்கிறார்கள். அதிலிருந்து திருப்பூர், கரூர் பக்கம் புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி, "சுவிஸ்ஸுக்கு வரியே இல்லையாமே, அனுப்பலாமா?" என்பதுதான்.

வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அது டெபாவால் வந்ததில்லை. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 அன்றே எல்லாத் தொழிற்சாலைப் பொருள்களுக்கும் இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. நமக்கு மட்டுமல்ல, சீனாவுக்கும் பங்களாதேஷுக்கும் துருக்கிக்கும் சேர்த்து. அதனால் பனியனோ படுக்கை விரிப்போ அனுப்புகிறவருக்கு அங்கே வரியில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் விலை பேசும்போது ஏமாற மாட்டீர்கள்.

படி 1: எந்த நாட்டோடு வியாபாரம் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஷெங்கன் விசா அங்கே செல்லும்; ஆனால் சுங்க எல்லை வேறு, நாணயம் வேறு. யூரோ அல்ல, ஃபிராங்க். ஜெர்மனியில் வரி கட்டி இறக்கிய சரக்கு சுவிஸ் எல்லையைத் தாண்டினால் அது மறுபடியும் ஓர் இறக்குமதி. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றும் எஃப்டாவின் மற்ற உறுப்பினர்கள். இதில் லீக்டன்ஸ்டைன் 1923-இல் போட்ட உடன்படிக்கைப்படி சுவிஸ் சுங்க எல்லைக்குள்ளேயே வருகிறது. அங்கே அனுப்பத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்தின் மக்கள்தொகை 90 லட்சத்தைச் சுற்றித்தான். சென்னைப் பெருநகரப் பகுதியைவிடப் பெரிய சந்தை அல்ல. ஆனால் வாங்கும் சக்தி அதிகம், ஆர்டர் சிறியது, தரத்தில் பிடிவாதம் அதிகம். ஒரு கன்டெய்னர் நிறைய ஒரே டிசைன் ஓட்டிப் பழகிய யூனிட்டுக்கு இந்தச் சந்தை எரிச்சலூட்டும். சின்ன லாட்டைச் சுத்தமாகச் செய்கிறவருக்குப் பொருந்தும்.

படி 2: உறவின் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசப் போங்கள்

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். தாண்டாதீர்கள், பையரோடு (வாங்குபவரோடு) முதல் பத்து நிமிடம் பேச இதுதான் கைகொடுக்கும்.

வோல்கார்ட் சகோதரர்கள் 1851-இல் விண்டர்தூரிலும் பம்பாயிலும் ஒரே நேரத்தில் கடை திறந்தார்கள். பருத்தி, காபி என்று வாங்கிப் போனார்கள். தூத்துக்குடியிலும் கிளை இருந்தது. அந்த நிறுவனமும் டாடாவும் 1954-இல் சேர்ந்து தொடங்கியதுதான் வோல்டாஸ். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் தந்தது சூரிச் அருகே ஷ்லீரனில் இருந்த சுவிஸ் கம்பெனி. 1949-இல் ஒப்பந்தம், 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். கோவையில் 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், விண்டர்தூரின் ரீட்டர் நிறுவனத்தோடு கைகோத்துத்தான் நூற்பு இயந்திரம் செய்யத் தொடங்கியது. நீங்கள் அனுப்பப்போகும் பனியனின் நூலுக்கே ஒரு சுவிஸ் வேர் இருக்கலாம் என்று சொன்னால் பையர் முகத்தில் சிரிப்பு வரும்.

அரசு மட்டத்தில், 1948 ஆகஸ்ட் 14 அன்று புதுடெல்லியில் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. சுதந்திர இந்தியா போட்ட முதல் உடன்படிக்கைகளில் அதுவும் ஒன்று. 1971 போருக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் தூதரகங்களை மூடியபோது, 1976 வரை இரு நாட்டுக்கும் நடுவில் நின்று தகவல் கொண்டுபோனது சுவிட்சர்லாந்து. நடுநிலை என்பது அவர்களுக்கு வெறும் பேச்சல்ல, வெளியுறவுத் துறையின் அன்றாட வேலை.

வர்த்தகத்தில் இந்த அளவு இனிமை இல்லை. டெபா பேச்சு 2008 ஜனவரியில் தொடங்கி 2013-இல் நின்று, 2016-இல் மீண்டு, மொத்தம் 21 சுற்று நடந்து, 2024 மார்ச் 10 அன்றுதான் கையெழுத்தானது. அதன் பிறகும் சுவிஸ் பக்கம் ஒரு கட்டம் மீதி இருந்தது. 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்ந்தால் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தையே மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். இந்தோனேஷியாவோடு போட்ட ஒப்பந்தம் பாமாயில் பிரச்சினையால் அப்படி இழுக்கப்பட்டு, 2021 மார்ச்சில் 51.6 சதவீத ஆதரவோடு தப்பிப் பிழைத்தது. நம் ஒப்பந்தத்துக்கு அந்தச் சோதனை வரவில்லை. ஆனால் காடு, கூலி, சாயக்கழிவு பற்றிய கேள்விகளை அங்கே சாதாரண வாக்காளர்களே கேட்பார்கள் என்பதை மனதில் வையுங்கள். படி 6-இல் இது திரும்ப வரும்.

பத்திரிகைத் தலைப்பில் வரும் 100 பில்லியன் டாலர், எஃப்டா நாடுகள் 15 ஆண்டுகளில் இந்தியாவில் போடப்போகும் முதலீட்டுக்கான இலக்கு; முதல் 10 ஆண்டில் 50, அடுத்த 5 ஆண்டில் 50. அது ஆலை கட்ட வருகிறவர்களின் கணக்கு, உங்கள் இன்வாய்ஸின் கணக்கு அல்ல. அதேபோல் இரு நாட்டு வணிகப் புள்ளிவிவரத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். 2023-24-இல் அங்கிருந்து நாம் இறக்கியது சுமார் 21 பில்லியன் டாலர், அனுப்பியது ஒன்றரை பில்லியன். இறக்கியதில் பெரும்பகுதி தங்கம். சுவிட்சர்லாந்தில் தங்கச் சுரங்கம் இல்லை. உலகம் முழுவதிலிருந்தும் வரும் தங்கத்தைச் சுத்திகரித்துக் கட்டியாக்கி அனுப்புகிறார்கள். தங்கத்தைக் கழித்துப் பார்த்தால்தான் மருந்து, இயந்திரம், ரசாயனம், கடிகாரம் என்ற உண்மையான வியாபாரம் தெரியும்.

படி 3: உங்கள் பொருளின் வரி வரிசையைக் கண்டுபிடியுங்கள்

முழு வேலையில் இதுதான் முக்கியம். ஒப்பந்தம் பற்றிய கருத்தரங்குக்குப் போகும் முன் உங்கள் எச்.எஸ். கோடை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை) கையில் வைத்திருங்கள். பருத்தி டி-ஷர்ட் என்றால் 6109.10. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்று; அதற்குப் பின் நமக்கு ஒரு மாதிரி, அவர்களுக்கு ஒரு மாதிரி. சுவிஸ் சுங்கத் துறையின் டாரெஸ் என்ற இணையத் தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஆங்கிலத்திலும் இருக்கிறது. கோடைப் போட்டு, அனுப்பும் நாடு இந்தியா என்று கொடுத்தால், சாதாரண வரி எவ்வளவு, ஒப்பந்த வரி எவ்வளவு, வேறு என்ன கட்டுப்பாடு என்று வரும்.

டி-ஷர்ட்டுக்கு இரண்டு இடத்திலும் பூஜ்யம் காட்டும். அப்படியென்றால் டெபா சலுகைக்காகத் தோற்றச் சான்று (இது இந்தியப் பொருள்தான் என்ற சான்று) எடுத்து நேரத்தைச் செலவழிக்க அவசியமில்லை. பையர் வேறு காரணத்துக்காகக் கேட்டால் எடுத்துக்கொடுங்கள், அவ்வளவுதான். நார்வே கதை வேறு. அது ஆடைகளுக்கு இன்னும் வரி வைத்திருக்கும் நாடு. ஆஸ்லோ பையர் கிடைத்தால் அங்கே சான்றுக்கு வேலை இருக்கிறது. டெபாவால் ஆடைக்காரருக்குக் கிடைக்கும் வரி லாபத்தைத் தேட வேண்டிய இடம் சூரிச் அல்ல, ஆஸ்லோ என்பது என் கருத்து.

உணவுப் பொருள் அனுப்புகிறவர்தான் இந்தப் படியில் நிதானமாக உட்கார வேண்டும். வேளாண் பொருள்களுக்குச் சுவிஸ் வரி இன்னும் இருக்கிறது, அதுவும் கடுமையாக. தங்கள் மலைப் பண்ணையாளர்களைக் காப்பதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. (நாமும் பால் பொருள்களைச் சலுகைப் பட்டியலுக்கு வெளியேதான் வைத்தோம்; குறை சொல்ல முடியாது.) கவனிக்க வேண்டியது, அந்த வரி பெரும்பாலும் விலையில் சதவீதமாக வராது. எடைக்கு இத்தனை ஃபிராங்க் என்று வரும். எடை என்றால் பொருளின் எடை மட்டுமல்ல, பேக்கிங்கோடு சேர்த்த மொத்த எடை.

ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். வரி 100 கிலோவுக்கு 20 ஃபிராங்க் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சரக்கு 1,000 கிலோ. கண்ணாடிப் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து 1,700 கிலோ ஆகிறது. வரி 200 ஃபிராங்க் அல்ல, 340. அதே ஊறுகாயைப் பவுச்சில் போட்டு மொத்தம் 1,080 கிலோவில் முடித்தால் 216. பாட்டில் அழகாக இருக்கிறது என்று முடிவெடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எஃப்டா பக்கம் 92.2 சதவீத வரி வரிசைகளில் சலுகை தந்திருக்கிறது. பதப்படுத்திய உணவுகளில் பலவும் அதில் வருகின்றன. உங்கள் பொருள் அதில் இருந்தால் தோற்ற விதியைப் படியுங்கள். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, இங்கே எந்த அளவு வேலை நடந்தது என்பதை வைத்துத்தான் அது இந்தியப் பொருளா என்று தீர்மானிப்பார்கள். வெளிநாட்டு எண்ணெயில் தாளித்த ஊறுகாய், இறக்குமதிப் பருப்பில் அரைத்த பொடி எல்லாம் இங்கேதான் சிக்கும். கொள்முதல் பில்களைப் பத்திரமாக வையுங்கள். அங்கிருந்து சரிபார்க்கக் கேட்டால் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

படி 4: ஊரில் முடிக்க வேண்டிய காகித வேலை

இதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐ.இ. கோடு (ஏற்றுமதி-இறக்குமதி எண்), கட்டணம் 500 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உள்ளே போய், மாற்றம் இல்லாவிட்டாலும் உறுதிப்படுத்த வேண்டும்; மறந்தால் கோடு முடங்கும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. (உறுதிமொழிக் கடிதம்), அதுவும் நிதியாண்டுக்கு ஒருமுறை. வங்கியிடம் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) கடிதம் வாங்கி, சரக்கு போகும் துறைமுகத்துக்குச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு. தூத்துக்குடிக்குப் பதிந்துவிட்டு அவசரத்துக்குச் சென்னை விமான நிலையத்தில் அனுப்பப் பார்த்தால் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) நிற்கும். இரண்டுக்கும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பொருளுக்கேற்ற ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பில் பதிவு: ஆயத்த ஆடைக்கு ஏ.இ.பி.சி., ஊறுகாய் அப்பளத்துக்கு அபேடா, மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு.

படி 5: பையரைத் தேடுதல்

சுவிட்சர்லாந்தில் சில்லறை வணிகம் மிக்ரோ, கோப் என்ற இரண்டு கூட்டுறவு அமைப்புகளின் கையில் பெருமளவு இருக்கிறது. புதியவர் நேராக அங்கே போய்க் கதவைத் தட்டுவதில் அர்த்தமில்லை. அவர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் நடுத்தர இறக்குமதியாளர்களைத் தேடுங்கள். பெர்னில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. வணிகப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரும். சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட சுவிஸ்-இந்திய வர்த்தக சபை உண்டு. எஃப்டா விவகாரங்களுக்கென்றே 2025 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு தனி மேசை திறந்தார்கள். அது முதன்மையாக முதலீட்டாளர்களுக்கானது என்றாலும் கேட்பதில் தவறில்லை. பெங்களூரில் சுவிஸ் துணைத் தூதரகம் இருக்கிறது.

உணவுப் பொருள்காரர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 1983-க்குப் பின் அங்கே குடியேறிய ஈழத் தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 50,000 பேர். சூரிச், பெர்ன், பாசல் என்று எல்லா ஊரிலும் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. பேச்சு சுலபம். ஆனால் விலையில் கறார், ஏற்கெனவே கொழும்பிலிருந்து வரும் சரக்கோடு போட்டி. அவர்கள் கேட்பது யாழ்ப்பாணத்து ருசி. நம் சாம்பார் பொடியை அப்படியே கொண்டுபோய் வைத்தால் நகராது. அவர்கள் தேடுவது வறுத்து இடித்த மிளகாய்த் தூளும் அரிசி மாவும்.

சந்திக்கப் போவதானால் பையரிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கி ஷெங்கன் வணிக விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பதினொரு மணி என்றால் பத்தே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள்.

படி 6: தரம், லேபிள், கேள்விப் பட்டியல்

துணிக்கு: தடை செய்யப்பட்ட அசோ சாயம் (ஒருவகைச் செயற்கைச் சாயம்) இருக்கக் கூடாது. பையர் பெரும்பாலும் ஓகோடெக்ஸ் சான்று (துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கு) கேட்பார். அதன் தலைமைச் செயலகமே சூரிச்சில்தான் இருக்கிறது, அதனால் அங்கே அதை எல்லோருக்கும் தெரியும். ஆர்கானிக் பருத்தி என்று எழுதினால் நூலிலிருந்து தையல்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பரிவர்த்தனைச் சான்று வேண்டும். நடுவில் ஜாப் ஒர்க் கொடுத்த ஒரு சாயப்பட்டறைக்குச் சான்று இல்லையென்றால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். சாயக்கழிவை என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். நொய்யல் பிரச்சினைக்குப் பின் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, இப்போது பூஜ்யக் கழிவுநீர் முறையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதில் திருப்பூர் பட்ட பாட்டுக்கு இப்போது பலன் இருக்கிறது. போட்டி நாடுகள் பலவற்றால் இப்படிச் சொல்ல முடியாது.

உணவுக்கு: லேபிள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றிலாவது இருக்க வேண்டும். கடலை, எள், கடுகு போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். பூச்சிமருந்து எச்சத்துக்குச் சோதனை எடுத்துவிட்டே அனுப்புங்கள். பச்சைக் காய்கறி, பழங்களுக்குத் தாவர நலச் சான்று தேவை. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. நெய், தேன், கருவாடு போன்ற விலங்குவழிப் பொருள்களைப் புதியவர் தொடவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தப் பாதை.

எதை அனுப்பினாலும் மரப் பேலட்டில், மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை இருக்கிறதா என்று கன்டெய்னர் மூடும் முன் நீங்களே குனிந்து பாருங்கள்.

படி 7: விலையும் நாணயமும்

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றும்வரை மட்டும் உங்கள் பொறுப்பு) என்று முடித்துக்கொள்வது புதியவருக்கு நல்லது. சில பையர்கள் டி.டி.பி. கேட்பார்கள், அதாவது அவர்கள் வாசலில், எல்லாம் கட்டி. வேண்டாம். இறக்குமதி வரி பூஜ்யம் என்றாலும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) இருக்கிறது: பொதுவாக 8.1 சதவீதம், உணவுக்கு 2.6. சரக்கு விலையோடு அங்கே சேரும்வரையான கப்பல், லாரிச் செலவையும் கூட்டித்தான் வாட் போடுவார்கள். அங்கே பதிவு பெற்ற இறக்குமதியாளர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். உங்களால் சுலபமாக முடியாது.

ஃபிராங்க்கில் விலை சொல்லலாமா? ஃபிராங்க் பொதுவாக ஏறும் நாணயம் என்பதால் ஆசையாக இருக்கும். ஆனால் 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு வைத்திருந்த 1.20 என்ற வரம்பைத் திடீரென்று எடுத்தபோது சில நிமிடங்களில் சந்தை தலைகீழானது. பஞ்சும் நூலும் ரூபாயில் வாங்கிச் சின்ன மார்ஜினில் ஓடுகிற யூனிட், டாலரில் பேசி வங்கியில் ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலருக்கு இன்றே மாற்று விலையை முடிவுசெய்வது) போட்டுக்கொள்வது நிம்மதி.

முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணமும், மீதி பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றிய ரசீது) நகல் காட்டியதும் என்று கேளுங்கள். கடனுக்கு என்றால் இ.சி.ஜி.சி. பாலிசி (ஏற்றுமதிக் கடனுக்கான காப்பீடு) எடுக்காமல் அனுப்பாதீர்கள். சுவிஸ் பார்ட்டி என்பதாலேயே பணம் வந்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

படி 8: கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பல்

தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு, அங்கிருந்து பெரிய கப்பலில் ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் அல்லது ஜெனோவா. ராட்டர்டாமிலிருந்து ரைன் ஆற்றில் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஏறி பாசல்வரை போகலாம். நாட்டின் இறக்குமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ஆற்று வழியாகத்தான் வருகிறது. 2018, 2022 கோடைகளில் ஆற்றில் தண்ணீர் வற்றி, பார்ஜ்கள் பாதிச் சுமையோடு ஓடின. அதனால் ஆகஸ்ட்–அக்டோபரில் சேர வேண்டிய சரக்குக்கு ரயிலைக் கேளுங்கள். செங்கடல் பிரச்சினைக்குப் பின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகப் பழகிவிட்டன. எந்த வழி என்று கப்பல் கம்பெனியிடம் ஆர்டருக்கு முன்பே கேட்டு, அதற்கேற்ப டெலிவரி தேதி கொடுங்கள். சுவிட்சர்லாந்தில் இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரையும் ஞாயிறு முழுதும் கனரக லாரி ஓடக் கூடாது. வெள்ளி மாலை எல்லைக்கு வரும் சரக்குத் திங்கட்கிழமைதான் கடைக்குப் போகும்.

இந்தப் படியில் பணம் போகும் இடம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு யூனிட் சுவிஸ் பையருக்கான சரக்கை ஜெர்மனியில் இருந்த அவரது கிடங்கின் பெயரில் அனுப்பியது. டிரான்சிட் (அந்த நாட்டைக் கடந்து மட்டும் போகும் சரக்கு) என்று ஆவணத்தில் எழுதவில்லை. சரக்கு ஹாம்பர்க்கிலேயே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கிளியர் ஆகி, ஒன்றியத்தின் ஆடை வரியும் விழுந்தது. பையர் அதை இன்வாய்ஸில் கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்பினார். சரக்கு சுவிஸ்ஸுக்குத்தான் என்றால் துறைமுகத்திலிருந்து டி-1 டிரான்சிட் ஆவணத்தில், சீல் உடையாமல், சுங்கக் கண்காணிப்பிலேயே எல்லைவரை போக வேண்டும். பி.எல்-லில் இறுதி இடம் பாசல் என்றோ சூரிச் என்றோ தெளிவாக இருக்கட்டும். டெபா சலுகை கேட்கும் உணவுச் சரக்குக்கு இது இன்னும் முக்கியம். வழியில் கிளியர் ஆன சரக்குக்குச் சலுகை போய்விடும்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு

சுவிஸ் இயந்திரம், கடிகாரம், சாக்லேட் இறக்குகிறவர்களுக்குத்தான் டெபாவில் வரி லாபம் கண்ணுக்குத் தெரியும். கடிகாரத்துக்கும் சாக்லேட்டுக்கும் நம் வரி படிப்படியாக ஏழு ஆண்டுகளில் இறங்குகிறது. முதல் ஆண்டே பாதி விலையில் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். தங்கத்துக்கு நடைமுறை வரியில் ஒப்பந்தத்தால் மாற்றமில்லை. சலுகை வரியில் இறக்கினால், பொருள் உண்மையில் அங்கே செய்ததுதானா என்பதற்கான தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் வந்த கரோட்டார் என்ற சுங்க விதி சொல்கிறது. ஐந்து ஆண்டு கோப்பு தேவை. விற்பவரின் சான்றிதழ் ஒன்றே போதும் என்று இருந்தால் கஸ்டம்ஸ் கேள்வி வரும்போது திணறுவீர்கள்.

அங்கே கம்பெனி திறந்து லாப ஈவு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு செய்தி: நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் நெஸ்லே வழக்கில் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையில் இருந்த மிகவும் விரும்பப்படும் நாடு என்ற, வேறொரு நாட்டுக்குத் தரும் குறைந்த வரியை நமக்கும் தரும் சலுகையைச் சுவிட்சர்லாந்து 2025 ஜனவரி 1 முதல் நிறுத்திவைத்தது. இந்தியர்கள் பெறும் ஈவுத்தொகைக்கு அங்கே 5 சதவீதமாக இருந்த பிடித்தம் 10 ஆனது. நட்புறவு உடன்படிக்கை இருந்தாலும் வரி விஷயத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காது.

படி 9: பணம் வந்த பிறகு

பலர் இங்கே கையை உதறிவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போகிறார்கள். ஷிப்பிங் பில்லும் வந்த பணமும் வங்கியில் பொருந்தி முடிய வேண்டும். இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் கணினியில் உங்கள் பெயருக்கு எதிரே நிலுவை நிற்கும். பையர் வங்கிக் கட்டணம் என்று 25 டாலர் குறைத்து அனுப்பினாலும் அதற்கொரு கடிதம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். பிறகு டி.ஜி.எஃப்.டி. தளத்தில் இ-பி.ஆர்.சி. (பணம் வந்து சேர்ந்ததற்கான மின்சான்று) எடுங்கள். ஆடைக்கு வரித் திருப்பம் ஷிப்பிங் பில்லில் நீங்கள் கேட்டிருந்தால் மட்டுமே ஸ்கிரிப்பாக (சுங்க வரி கட்டப் பயன்படும் மின் வரவுச் சீட்டாக) வரும். பில் போடும்போதே உங்கள் சி.எச்.ஏ. (சுங்க முகவர்) அந்தக் கட்டத்தில் டிக் செய்தாரா என்று திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.